சுண்டுவிரலிலிருந்து பெருவிரலுக்கு

என் கணவரும் நானும் ஒரே வீட்டுக்குள் இரண்டு வேறு கணினிகளில் வேலை செய்தோம். என்னுடையது விண்டோஸ். பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த கடையில் பழசாகி ஒதுக்கியதை, முதலாளியம்மா எனக்குத் தந்திருந்தார். அவருடையது மெக். ஆலங்குடாவுக்குக் காற்றுக் காலத்தில் வந்து, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெளிநாட்டுக்காரர்களை அவர் வீடியோ எடுப்பார். அவர்களில் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது அது.

கடையில் என் வேலை தட்டச்சு. கடிதம், விண்ணப்பம், காணித் தகராறு, காணாமல் போன அடையாள அட்டை எல்லாம் என் கையால் போகும். மவுஸைத் தொடுவது எனக்குப் பிடிக்காது. இடது கைச் சுண்டுவிரல் எந்நேரமும் விசைப்பலகையின் மூலையில், கன்ட்ரோல் விசையின் மேல் கிடக்கும். அதோடு ஒரு எழுத்தைச் சேர்த்து அமத்தினால் பிரதி எடுக்கலாம், ஒட்டலாம், சேமிக்கலாம், செய்ததை மாற்றலாம். எந்த விரல் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

மாலையில் சாப்பாட்டு மேசையின் இரண்டு தலைப்பிலும் ஆளுக்கொரு கணினியோடு உட்காருவோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேச்சு பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

"உங்கடதுல மூடுறது, சுருக்குறது எல்லாம் இடப்பக்கம். இடது கையால சோறு தின்ற மாதிரி" என்பேன்.

"உன்டது அரசாங்கக் கச்சேரி மாதிரி. ஒரு வேலைக்கு நாலு கேள்வி கேக்கும்" என்பார்.

அவருடையதை நான் தொட்டதில்லை. அவரும் என்னுடையதைத் தொடமாட்டார். பகை ஒன்றும் இல்லை. தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் ஆலங்குடாவில் மௌத்தானார். காலையில் ஒரு விடுதிக்காரருக்காகக் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். வான் வண்டி ஒன்றில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவரோடு சேர்ந்து தொழில் செய்த தம்பிதான் வானில் கூட இருந்தவர். அந்தத் தம்பி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். சின்ன வயதில் பெற்றோரோடு யுத்தத்துக்குத் தப்பிக் கற்பிட்டிக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டவர்.

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்கு முன்னால் அடக்கிவிட்டார்கள். நான் அழவில்லை. அழக்கூடாது என்று அடக்கவும் இல்லை. வந்த பெண்கள் என் தலையைத் தங்கள் தோளில் சாய்த்துப் பிடித்தார்கள். அவர்களுடைய தோளில் வேர்வையும் அத்தரும் மணத்தது எனக்கு நினைவிருக்கிறது. வேறு எதுவும் நினைவில்லை.

இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கவேண்டிய காலம் அது. வெளியே போவதில்லை, திருமணம் முடிக்க ஆகுமான ஆண்கள் முன்னால் வருவதில்லை. மற்றவர்களுக்கு அது கஷ்டமாக இருந்திருக்கலாம். எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பேன். யாராவது எழுப்பினால் எழும்புவேன்.

எழுப்பியவர் பெரும்பாலும் மதினிதான். என் கணவரின் மூத்த சகோதரி. ஒரே வளவுக்குள் அடுத்த வீடு. அவர்களும் என் வீட்டாரைப் போலத்தான். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, இங்கே ஓலைக்கொட்டிலில் தொடங்கிக் கல்வீடு கட்டியவர்கள். தன் தம்பியை, என் கணவரை, கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறியதை மதினி அடிக்கடி சொல்வார். இப்போது அதைச் சொல்வதில்லை.

என் கணவர் மௌத்தாவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் மதினியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வண்ணாத்திவில்லுப் பக்கம். மண்டபத்தில் ஆண்கள் பக்கத்தை யாழ்ப்பாணத்துத் தம்பி எடுத்தார். வீட்டுக்குள், பொண்ணோடு நெருங்கிய சொந்தம் மட்டும் இருந்த நேரத்தை, தாய்மாமன் என்ற முறையில் என் கணவர் எடுத்தார். மருதோண்டி போட்டது, பொண்ணை உடுத்தியது எல்லாம் அதில். அதை வெளி ஆண்கள் யாரும் பார்க்கக்கூடாது என்பது பேச்சு. அவரே உட்கார்ந்து வெட்டி ஒட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். பாதி வேலைகூட முடியவில்லை.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மதினி வந்து, மேசையில் சீலை போட்டு மூடியிருந்த மெக்கைக் காட்டினார்.

"புள்ள, மகள்ட படம் இதுக்குள்ளதான் இருக்கு. வேற யாருட்டயும் குடுக்கேலா. நீதானே கொம்பியூட்டர்ல வேல செய்றவ. நீ செஞ்சு தாவன்."

"இது வேற மாதிரி மதினி. எனக்கு இது தெரியாது."

"ஒரு கொம்பியூட்டர் தெரிஞ்சா மத்ததும் தெரியாதா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஓம் என்று சொல்லவும் தோன்றவில்லை. மதினி சீலையை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போனார். அதனால் தொடங்கினேன்.

மெக் என்னிடம் கடவுச்சொல் கேட்டது. என் கணவர் அதை விரலை வைத்துத்தான் திறப்பார். யாழ்ப்பாணத்துத் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. என் பெயராக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேனா தெரியாது. அது ஆலங்குடா விடுதி ஒன்றின் வைஃபை கடவுச்சொல். வேறு ஒன்றை யோசிக்க அவருக்குப் பஞ்சியாக இருந்திருக்கும்.

திறந்த பிறகு என் கை எனக்கு உதவவில்லை. பிரதி எடுக்க மூலையில் இருந்த கன்ட்ரோலை அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கோப்பைத் திறக்க என்டர் விசையைத் தட்டினேன். திறப்பதற்குப் பதிலாக, பெயரை மாற்று என்று அது பெயரை நீல நிறத்தில் காட்டியது. எழுத்தை முன்பக்கமாக அழிக்கிற விசையைத் தேடினேன். அப்படி ஒன்று இருக்கவில்லை. பக்கத்தைக் கீழே இறக்க விரலை இழுத்தால் மேலே போனது. மூடுவதற்கு வலது மூலைக்குப் போய்ப் போய்த் திரும்பினேன். இடது மூலையில் சிவப்புப் பொத்தான். அதை அமத்தினால் சன்னல் மறைந்தது. ஆனால் வேலை மூடப்படவில்லை. கீழே அதன் படத்துக்கு அடியில் ஒரு சின்னப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கடையில் ஒரு விசை இறுகினாலே எனக்குக் கோபம் வரும். இப்போது ஒவ்வொரு பிழையையும் பார்த்தபடி இருந்தேன். யாரோ ஒருவருடைய கை பிழை விடுவதைப் பார்ப்பதுபோல.

போனில் சொல்லித் தருவது சரிவரவில்லை என்று யாழ்ப்பாணத்துத் தம்பி நேரில் வந்தார். உள்ளே வரமுடியாது. முன்விறாந்தையில் கதிரை போட்டு அவர் உட்கார்ந்தார். நான் யன்னல் சீலைக்கு இந்தப் பக்கம் மெக்கோடு உட்கார்ந்தேன். மதினி இரண்டு பேருக்கும் நடுவில், வாசலில் இருந்தார். திரையில் என்ன இருக்கிறது என்று தம்பிக்குத் தெரியாது. அவருடைய முகம் எனக்குத் தெரியாது.

"அக்கா, கன்ட்ரோலை மறந்துபோடுங்கோ. இதில கொமாண்ட். இடைவெளி விடுற நீட்டு விசைக்குப் பக்கத்தில இருக்கு. பெருவிரலால அமத்துங்கோ."

"பெருவிரலாலயா?"

"ஓம், பெருவிரலால. கொமாண்டும் சீயும் எண்டால் பிரதி. கொமாண்டும் வீயும் எண்டால் ஒட்டுறது. எழுத்தெல்லாம் அதேதான். விரல் மட்டுந்தான் வேற."

"படத்த வெட்டுறதுக்கு?"

"பொறுங்கோ அக்கா. என்ர விரலைப் பாத்துத்தான் சொல்லோணும்" என்றார். சீலைக்கு அப்பால் அவர் தன் தொடையில் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "கொமாண்டும் பீயும். ஓம், பீ."

"ஒரு வேலைல இருந்து இன்னொண்டுக்குப் போறதுக்கு ஓல்ட்டும் டாபும் அமத்துனா ஒண்டும் நடக்குதில்ல."

"கொமாண்டும் டாபும். ஆனா அதில ஒரு சிக்கல் இருக்கக்கா. நீங்கள் சுருக்கிக் கீழ விட்டது அப்பிடித் திரும்பி வராது. போய்க் கீழ தேடி எடுக்கோணும். நானாவும் துவக்கத்தில அதில ஏசுறவர்."

நானா என்று அவர் என் கணவரைத்தான் சொல்வார். மதினி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும். நானா வானுக்குள்ள பெரிசா ஒண்டும் கதைக்கேல்ல. கமராவை உப்புத்தண்ணி படாமத் துடைச்சு வை எண்டு மட்டுந்தான் சொன்னவர். நீங்கள் கேக்கேல்ல. ஆனா தெரிஞ்சிருக்கோணும் எண்டு நினைச்சன்."

"துடைச்சீங்களா?"

"ஓம், துடைச்சனான்."

"சரி தம்பி. பக்கத்துட தலைப்புக்குப் போறது எப்பிடி?"

அவர் சொன்னார். நான் அப்படியே அமத்தினேன், வேலை செய்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் கொஞ்சம், அஸருக்குப் பிறகு கொஞ்சம் என்று உட்கார்ந்தேன். வெளியே கழற்றி வைக்கிற டிஸ்க் ஒன்றில்தான் படங்கள் எல்லாம் இருந்தன. முதலாவது மெமரி கார்டில் எடுத்ததை என் கணவரே அதில் ஏற்றி வைத்திருந்தார். மருதோண்டி போட்டது அதில்.

அதில் அவர் எங்கும் இல்லை. கமராவைப் பிடித்தவர் படத்தில் இருக்கமாட்டார்தானே. குரல் மட்டும் இருந்தது. "மருமகள், கொஞ்சம் இங்கால பாருங்க." "ராத்தா, பொண்ணுட கையத் தூக்கிப் பிடிங்க." "லைட்ட மறைக்காதீங்க, தள்ளுங்க, தள்ளுங்க." ராத்தா என்றது அவருடைய அக்கா, மதினியை. ஒரு இடத்தில் தும்மினார். இன்னொரு இடத்தில் யாரோ கொடுத்ததை வாயில் போட்டுக்கொண்டு பேசினார்.

படம் வெட்டுகிறவர்கள் கமராக்காரரின் குரலை விடமாட்டார்கள். அவரே அதை எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் வெட்டினேன். குரல் தொடங்கும் இடத்தில் கொமாண்டும் பீயும், முடியும் இடத்தில் கொமாண்டும் பீயும், நடுவில் இருப்பதைத் தெரிந்து அழிப்பது. குரல் போன இடத்தில் ஒரு பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். பெருவிரல் மெல்ல மெல்ல அந்த இடத்தைக் கண்டுகொண்டது. எனக்குள் எதுவும் அசையவில்லை. வேலை சுத்தமாக இருந்தது.

அந்த நாட்களில் பக்கத்து வளவுப் பெண் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். உள்ளே வந்து திரையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"மௌத்து வீட்டுல கலியாணப் படம் ஓடுது" என்றார். என்னிடம் சொல்லவில்லை. மதினியிடம்.

"என்ட மகள்ட கலியாணம். நாந்தான் செய்யச் சொன்ன. இத்தாவுல இருக்கிறவள் கையக் கட்டிட்டு இருக்கோணும் எண்டு எந்த ஆலிமும் சொல்லல்ல" என்றார் மதினி.

அந்தப் பெண் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். மதினி வந்து எனக்குப் பின்னால் நின்றார். அப்போது ஓடிக்கொண்டிருந்தது நான் இன்னும் தொடாத ஒரு துண்டு. "ராத்தா, அழாம நில்லுங்க, பிறகு படத்துல மூக்குத்தான் தெரியும்" என்று அவர் குரல் வந்தது. பொண்ணுக்குப் பக்கத்தில் நின்ற மதினி, படத்தில், அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்தார்.

எனக்குப் பின்னால் நின்ற மதினி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள, தம்பிட குரல என்ன செய்ற?"

"வெட்டுறேன் மதினி. அப்பிடித்தான் செய்ற."

"வெட்டாத. ஒண்டையும் வெட்டாத. தும்மினாலும் இருக்கட்டும்."

சரி என்றேன். வெட்டியது பெரிய விஷயம் இல்லை. மூலப்படம் டிஸ்கில் அப்படியே இருந்தது. குரலைத் திரும்ப எடுத்து வைக்கலாம். இரண்டாவது கார்டையும் ஏற்றிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யலாம் என்று நினைத்தேன்.

இரண்டாவது கார்ட் கமராப் பையில் இருந்தது. மறுநாள் காலை அதைச் செருகினேன். உள்ளே கோப்புகளைப் போட்டுவைக்கிற ஒரு அடைவு இருந்தது; கமரா தானாக இலக்கம் போட்டு வைத்த பெயர். முதலாவது கார்டிலிருந்து ஏறிய அடைவுக்கும் கமரா அதே பெயரைத்தான் வைத்திருந்தது. அதைப் பிடித்து இழுத்து டிஸ்கில் விட்டேன். இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பதிலாக இதை வைக்கவா என்று கேட்டது. பார்த்துப் பழகிய கேள்வி. என்னுடைய கணினியில் அதற்கு ஓம் என்று சொன்னால், இரண்டு அடைவில் இருப்பதும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். பழையது பழையபடி இருக்கும், புதியது அதோடு போய் இருக்கும். கடையில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். பதிலாக வை என்ற பொத்தானை அமத்தினேன்.

மெக்கில் பதிலாக வைப்பது என்றால் பதிலாக வைப்பதுதான். பழைய அடைவை முழுதாக எடுத்துவிட்டு, புதியதை அதன் இடத்தில் வைத்தது. சொல் சரியாகத்தான் இருந்தது. நான்தான் இன்னொரு கணினியின் அர்த்தத்தில் அதை வாசித்தேன்.

எனக்கு உடனே விளங்கவில்லை. படம் வெட்டுகிற சன்னலுக்குப் போனபோது, வரிசையில் இருந்த துண்டுகள் எல்லாம் சிவப்பாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும், கோப்பைக் காணவில்லை என்று எழுதியிருந்தது. குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தேன். வெறுமையாக இருந்தது. செய்ததைத் திருப்பி எடுக்கக் கொமாண்டும் இசட்டும் அமத்தினேன். பிறகு கன்ட்ரோலும் இசட்டும் அமத்தினேன். அதற்கு இங்கே ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்தே அமத்தினேன்.

யாழ்ப்பாணத்துத் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"முதல் கார்ட் உங்ககிட்டதானே தம்பி இருக்கு? அதுல இருக்கா?"

அவர் பக்கத்தில் காற்று இரைந்தது.

"அதை நானா ஏத்திப்போட்டன் எண்டு சொல்லித்தான் அக்கா தந்தவர். நான் அழிச்சுப்போட்டு வேற கலியாணம் ரெண்டு எடுத்திட்டன்." பிறகு, "டிஸ்கில ஒண்டும் செய்யாதேங்கோ அக்கா. கழட்டி வையுங்கோ. நான் வாறன்" என்றார்.

அவர் வந்து டிஸ்கைக் கொண்டுபோனார். அழிந்ததை மீட்டுத் தருகிற கடை புத்தளத்தில் ஒன்று இருந்தது. அங்கே முடியாது என்றார்கள். வேறு வழி இல்லாமல், வெளி ஆட்கள் கண்ணில் படும் என்று தெரிந்தே கொழும்புக்குக் கொண்டுபோனார். அது முடிந்து வரும்வரை நான் மதினியிடம் சொல்லவில்லை என்று நினைத்துவிடக்கூடாது. அன்றைக்கே சொன்னேன். அவர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொடிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்.

"முதல் கார்டுல இருந்தது அழிஞ்சிட்டுது மதினி. மருதோண்டி முழுக்க. அவர்ட குரல் இருந்தது எல்லாம் அதுலதான். ரெண்டாவதுல பொண்ண உடுத்துனது கொஞ்சந்தான், அவர் கதைக்கல்ல. மீட்டுத் தாற கடைக்கு அனுப்பியிருக்கு. கிடைக்குமா தெரியாது."

மதினி கையில் இருந்த ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். ஜனாஸா அடக்கிய அன்றும் அவர் அழுதார், ஆனால் அப்போது வீடு முழுக்க ஆட்கள். இப்போது கேட்க நான் ஒருத்திதான். வாயைப் பொத்தாமல் அழுதார். நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தெரிந்தது. உட்கார்ந்தேன். அவருடைய முதுகில் கை வைத்தேன். கை அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ ஏன் புள்ள அழுவல்ல? அண்டைக்கும் அழல்ல. இண்டைக்கும் அழல்ல. உனக்கு ஒண்டும் இல்லையா?"

"தெரியல்ல மதினி."

"தெரியல்லயா? புருசன் போனது தெரியல்லயா?"

"அது தெரியும்."

அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் என் வீட்டுக்கு வரவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது. பீங்கானால் மூடிய சோற்றுக் கோப்பையை எங்கள் வாசற்படியில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போவார். நான் கழுவித் திரும்ப அதே படியில் வைப்பேன். ஒரு நாளும் சாப்பாடு தவறவில்லை. அது எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

கொழும்பிலிருந்து டிஸ்க் திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்துத் தம்பி சீலைக்கு வெளியே நின்று அதை நீட்டினார்.

"போட்டோ கொஞ்சம் வந்திருக்கு அக்கா. வீடியோ ஒண்டும் திறக்குதில்லை. பெயர் மட்டும் இருக்கு, உள்ளுக்கு ஒண்டுமில்லை. மன்னியுங்கோ."

"நீங்க என்ன செய்ற தம்பி. நாந்தானே அமத்தின."

"நானாவும் உப்பிடி ஒருக்கா அமத்தினவர் அக்கா. ஒரு வெள்ளையின்ர முழு நாள் வேலையும் போச்சு. உங்களிட்டச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. மேசையின் அந்தத் தலைப்பில் இருந்து எதையாவது தொலைத்துவிட்டு, இந்தத் தலைப்பில் இருந்த என்னிடம் சொல்லாமல் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அப்படி எத்தனை மாலைகள் இருந்திருக்கும் என்று நினைத்தேன். நினைப்பு அதற்கு மேல் போகவில்லை.

மதினி திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தில். ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். கையில் மூன்று நாலு போன்கள் இருந்தன. மகளுடையது, மகளின் மாமியாருடையது, தன்னுடையது. கல்யாணத்தில் பெண்கள் தங்கள் தங்கள் போனில் எடுத்த துண்டுகளை எல்லாம் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்.

"இதுல இருந்து எடுத்துச் செய்வம்" என்றார். அழுததைப் பற்றியோ கேட்டதைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. கதிரை ஒன்றை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார்.

இரண்டாவது கார்டில் இருந்ததோடு ஒவ்வொரு போனாக ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் நான் வேறு வேறு பெயர் வைத்தேன். படங்கள் ஆடின, தலை வெட்டுப்பட்டது, யாரோ ஒருவரின் விரல் பாதிப் படத்தை மறைத்தது. பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவருடைய குரல் எங்காவது இருக்கிறதா என்று மதினி காதைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். இல்லை. ஒரு துண்டில், மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் நின்றார். கமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வட்டிலப்பம் சாப்பிட்டார். நீலச் சட்டை. திரும்பவில்லை.

"தம்பி" என்றார் மதினி.

"ஓம்."

"இத வை."

வைத்தேன். மற்றத் துண்டுகளை எல்லாம் குறைத்தேன், அதைக் குறைக்கவில்லை. கல்யாணப் படத்தில் ஒரு முதுகு அவ்வளவு நேரம் நிற்பது சரியில்லைதான். தொடக்கத்தில் பொண்ணு மாப்பிள்ளை பெயரைத் தமிழில் எழுத வேண்டியிருந்தது. அங்கேயும் எழுத்துகள் வேறு இடத்தில் இருந்தன. என் கை வழக்கமான இடங்களைத் தட்ட, பொண்ணின் பெயர் யாரும் வாசிக்க முடியாத ஒரு சொல்லாக வந்தது. மதினி சிரித்தார். நானும் சிரித்தேன் என்று பிறகு அவர் சொன்னார்.

படத்தை மகளின் வீட்டில் பெண்கள் எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். நான் இத்தாவில் இருந்ததால் போகவில்லை. நல்லா இருந்தது என்றார்கள். முதுகைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லையாம். வண்ணாத்திவில்லுவில் இருந்து இன்னொரு வீட்டார், தங்கள் பெண்கள் பக்கத்துப் படத்தையும் நானே செய்து தருவேனா என்று கேட்டு அனுப்பினார்கள். ஒரு பெண் வெட்டுவது அவர்களுக்கு நிம்மதி. யாழ்ப்பாணத்துத் தம்பி கார்டுகளைக் கொண்டுவந்தார். அடைவுகளுக்கு அவரே பெயர் மாற்றி வைத்திருந்தார்.

இத்தா முடிந்ததும் கடைக்குத் திரும்பிப் போனேன். முதல் நாளே ஒருவர் தோட்டக் காணி விஷயமாகப் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத வந்தார். எழுதி முடித்து, ஒரு பந்தியைப் பிரதி எடுக்க நீட்டு விசைக்குப் பக்கத்தில் பெருவிரலை வைத்தேன். அது கடைக் கணினியில் ஓல்ட். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் அமத்தினேன். மூட இடது மூலைக்குப் போனேன். அங்கே ஒன்றும் இல்லை. கடையிலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியவள், பிள்ளை எழுத்துப் பழகுவதுபோல ஒவ்வொரு விசையாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன்.

"சுகமில்லையா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"இல்ல, கை மாறிட்டுது" என்றேன். அவருக்கு அது விளங்கியிருக்காது. விளங்கினதுபோலத் தலையாட்டினார்.

அதன் பிறகு, கிழமையில் பாதி நாள் கடை, பாதி நாள் வீட்டில் படவேலை என்று பேசிக்கொண்டோம். இப்போது இரண்டும் ஓரளவுக்கு வருகிறது. கடைக் கதிரையில் உட்கார்ந்தால் சுண்டுவிரல் மூலைக்குப் போகிறது. வீட்டு மேசையில் பெருவிரல் உள்ளே போகிறது. எப்போது மாறிக்கொள்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை. சில நாட்களில் இரண்டு விரலும் ஒன்றாக எழும்பி, எதை அமத்துவது என்று தெரியாமல் நிற்கும். அப்போது கையை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுப்பேன்.

கடைக்குப் போகத் தொடங்கி சில கிழமைகள் கழித்து ஒருநாள், வேலை முடிந்து பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். சீமெந்து லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. உப்பளப் பக்கமிருந்து காற்று அடித்தது. பேக்கரி ஓட்டோ ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் நின்றது. கதவைத் திறந்ததும் சூட்டோடு மணம் வந்தது. பசிக்கிறது என்று தெரிந்தது. எனக்குப் பசிக்கிறது என்று நானே, ஒருவரும் சொல்லாமல், தெரிந்துகொண்டேன்.

"மாலு பாண் இருக்கா?"

"இருக்கு. எத்தனை?"

"ரெண்டு தாங்க."

வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் வாங்கினேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. லொறிகள் எழுப்பிய புழுதிக்குள், ரோட்டோரத்தில் நின்றபடியே ஒன்றைத் தின்றேன். மீனும் கிழங்கும் மிளகும் வாயைச் சுட்டன. பிறகு மற்றதையும் தின்றேன்.